இருபதாவது பாத்ரூம் கதவு

கீல் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால், பாத்ரூம் எங்கே என்று கேட்பார். போன வேகத்தில் திரும்பி வருவார். தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்காது. அக்காவுக்கு நீர்க்கடுப்பு என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். என் மனைவி முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில்தானே வேலை செய்கிறார், நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டக் கூடாதா என்று என்னிடம் முணுமுணுத்தாள். அக்கா போவது கதவைப் பார்க்க. அது உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்க்க. உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால் அந்த வீட்டில் அவருக்கு டீ தொண்டையில் இறங்காது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, கதவைத் திருப்பி மாட்டச் சொல்லி வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார்.

மகள் குடிபோன வாடகை வீட்டைப் பார்க்கப் போனபோது பெட்டியில் துணிக்கு அடியில் மூன்று கீல், இரண்டு உளி, ஒரு சுத்தி, இழைப்புளி எல்லாம் எடுத்துப் போனவர் அவர். மாப்பிள்ளை வேலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கதவு திரும்பிவிட்டது. மறுநாள் வீட்டு உரிமையாளர் வந்து, என் கதவில் கை வைக்க நீங்கள் யார் என்று குதித்திருக்கிறார். அக்கா அசரவில்லை. "கதவு உங்களோடதுதான். உள்ள குளிக்கிறது என் பொண்ணு" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் நின்று திருதிருவென்று முழித்தாராம். இதை அக்காவே சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கிற கதை அது ஒன்றுதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தோம். அவர் தச்சு வேலை, நான் மின்சார வேலை. எனக்கு அங்கே ஃபியூஸ் என்று பெயர். நான் எலக்ட்ரீஷியன் என்பதால் வைத்த பெயர் இல்லை. கொஞ்சம் சூடானாலும் போய்விடுவேன் என்பதால் வைத்தது. அதை நான் மறுக்கப் போவதில்லை. இந்தக் கதையை எழுதுகிறபோதுகூட எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற ஆளும் நான்தான், முதலில் நிற்கிற ஆளும் நான்தான்.

அக்காவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அவருடைய கணவர். நாங்கள் தச்சண்ணன் என்று கூப்பிடுவோம். ஊழியர் குடியிருப்பு கட்டியபோது அத்தனை வீட்டுக் கதவையும் மாட்டியது அவர்தான். அவர் மாட்டிய கதவை ஒரு விரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மூன்று பக்கமும் ஓட்டிப் பார்ப்பார். தாள் உரசிக்கொண்டே போக வேண்டும். எங்காவது லூசாகப் போனால் கதவைக் கழற்றி மறுபடியும் ஆரம்பிப்பார். கீலின் ஆணி பின்னால் கழன்று வந்துவிடக் கூடாது என்று அதன் இரண்டு நுனியையும் தட்டித் தட்டிப் பூ மாதிரி விரித்துவிடுவார். கம்பியை விட்டு நெம்ப இடம் இருக்காது, ஆணியை உருவ வழி இருக்காது. அதுதான் அவருக்குப் பெருமை. எங்களுக்கும்தான்.

பாத்ரூம் கதவு எல்லாவற்றையும் அவர் உள்பக்கம் திறக்கிற மாதிரிதான் மாட்டினார். அப்படித்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். கதவில் தெறித்த தண்ணீர் உள்ளேயே சொட்டும், வெளியே நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது. அவர் இன்னொரு காரணமும் சொல்வார். "வெளிய திறக்கிற கதவு வர்றவன் மூஞ்சியில அறையும். அது மரியாதை இல்ல" என்பார். கதவை நிலையில் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் அக்காதான் போய் மறுமுனையைப் பிடிப்பார். குடியிருப்பில் அவர்கள் இருந்த வீட்டு பாத்ரூம் கதவையும் அப்படித்தான் இரண்டு பேருமாக மாட்டினார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழே முக்கால் இருக்கும், அந்தக் கதவுக்குப் பின்னால் தச்சண்ணன் விழுந்தார்.

அதே குடியிருப்பில் எங்கள் வீடு எதிர்வீடு. அக்கா கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். குழாய் வேலைக்காரரும் பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவரும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். தாழ்ப்பாள் போடவில்லை. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் அக்கா மட்டும்தான் என்பதால் அவர் போடுவதே இல்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. சின்ன பாத்ரூம் அது. கால் எதிர்ச் சுவரில் முட்டி மடங்கியிருக்க, தலை கதவில் முட்டியபடி கிடந்தார். நாங்கள் தள்ளினால் நாலு விரல் அகலம் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். எப்படிக் கிடக்கிறார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு தோளும் ஈரத் துண்டும் மட்டும் தெரிந்தன. மூன்று ஆண்கள் சேர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணித் தள்ளினோம். ஒவ்வொரு தள்ளுக்கும் உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது.

அக்கா கீழே குனிந்து, கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாகப் பார்த்துவிட்டு எழுந்தார். "தள்ளாதீங்க. அவரு தலை அங்க இருக்கு" என்றார்.

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனாலோ என்னவோ எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்வதும் பூசி மெழுகுவதுதான். எனக்குக் கேட்டது. பொம்பளை பயத்தில் ஏதோ சொல்கிறது, அந்த நேரத்தில் அதை நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எல்லாம் தெரிந்த வயது. "நகருங்கக்கா அந்தப் பக்கம், வேலையைக் கெடுக்காதீங்க" என்று கத்தினேன். அக்கா நகர்ந்தார். நாங்கள் இன்னும் எத்தனையோ முறை தள்ளினோம்.

தள்ளி ஆகாது என்று எங்களுக்கு உறைத்த பிறகுதான் உடைக்க ஆரம்பித்தோம். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த ஒற்றை மரக் கதவு. அவருடைய கருவிப் பெட்டியை அக்காவே எடுத்துவந்து கொடுத்தார். அவருடைய உளியால் அவருடைய கதவைப் பிளந்தோம். கீழ்ப்பாதியில் கை வைக்க முடியாது, அங்கே தலை இருக்கிறது. மேல்பாதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட நாற்பது நிமிடம் ஆனது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து அவசரப் பிரிவு இருநூறு எட்டு தூரம். நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தபோதே ஒரு டாக்டர் ஓடி வந்துவிட்டார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் பின்னால், கதவுக்கு இந்தப் பக்கம் நாற்பது நிமிடம் நின்றார். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் குடியிருந்த மனிதன், டாக்டர் நாலு அடி தூரத்தில் நிற்க, ஒரு கதவால் செத்துப்போனார். கொஞ்சம் முன்னால் கிடைத்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அக்கா பட்டார். வாய்விட்டுப் பட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணனின் கைவேலையைப் புகழ்ந்து பேசப் பேச அவருக்கு முகம் சிவந்தது. அவர் மாட்டிய கதவு நூறு வருடம் நிற்கும் என்று எங்கள் பிரிவு ஃபோர்மேன் சொன்னபோது, "அவரு கொஞ்சம் மோசமா வேலை பார்த்திருந்தா உயிரோட இருந்திருப்பாரு" என்றார். எழுந்து உள்ளே போனவர், உடைந்த கதவின் மிச்சத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். அக்காவுக்கு அன்றைக்கு இருந்த தெளிவு அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் இல்லை.

இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற விதிப்படி அக்காவைக் கூப்பிட்டு, வார்டு பெருக்கும் வேலை இருக்கிறது என்றார்கள். கணவர் பார்த்த தச்சு வேலைதான் வேண்டும் என்றார் அக்கா. ஃபோர்மேன் சிரித்துவிட்டு, ஒரு பழைய கதவையும் நிலையையும் காட்டி மாட்டச் சொன்னார். ஒற்றை ஆளாக, அடியில் ஆப்பு கொடுத்துக் கொடுத்துக் கதவை ஏற்றி, மத்தியானத்துக்குள் மாட்டி முடித்தார். தாள் கீற்றை ஓட்டிப் பார்த்தபோது அது தாராளமாகப் போனது. சந்து ஜாஸ்தி என்று ஃபோர்மேன் குறை சொன்னார். கம்பி போக இடம் வேண்டும், வேண்டுமென்றேதான் விட்டேன் என்றார் அக்கா. வேலை கொடுத்தார்கள். அன்றைக்கே கீல் அக்கா என்ற பெயரும் வந்துவிட்டது. கேலியாக வந்த பெயர்தான். பிறகு கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

ஊழியர் குடியிருப்பில் நூற்றுப் பத்து வீடு. விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் திருப்பினார். கீலைக் கழற்றி நிலையின் வெளி விளிம்பில் புதிதாகக் குடைந்து பொருத்துவார். கதவு பதிந்திருந்த பழைய பள்ளத்தை மரத்துண்டால் அடைத்துவிட்டு, உள்பக்கம் ஒரு மெல்லிய சட்டம் அடிப்பார், கதவு அதில் மோதி நிற்கும். தாழ்ப்பாளையும் மாற்றி, வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற மாதிரி ஒன்றைப் போடுவார். குடியிருப்பு முடிய மூன்று வருடம் ஆனது. எங்கள் வீட்டுக் கதவையும் வந்து திருப்பினார். நான் அப்போது கடைக்குப் போய்விட்டேன். வேண்டுமென்றே போனேன்.

ஏனென்றால் அந்தக் காலையைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசியதில்லை. பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், என் கல்யாணத்துக்கு வந்தார், அவர் மகள் கல்யாணத்துக்கு விளக்குப் போட்டது நான். அந்த ஒரு விஷயத்தின் பக்கம் மட்டும் இரண்டு பேரும் போகவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டாமல் என்னைக் கொன்றுகொண்டிருந்தார்.

குடியிருப்பு அக்கா கையில் இருந்தது. வார்டு அப்படி இல்லை. பழைய வார்டுக் கட்டடத்தில் ஒரு நீளமான நடை, அதை ஒட்டி இருபத்திநாலு பாத்ரூம். நோயாளிகள் போகிற இடம், அதாவது விழக்கூடியவர்களே போகிற இடம். அத்தனை கதவும் உள்பக்கம். அதில் ஒரு கீலைத் தொடுவதென்றாலும் பொறியாளர் கையெழுத்து வேண்டும். எங்கள் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபைல். எதைக் கேட்டாலும் ஃபைலில் போடுங்கள் என்பார். போட்டால், ஃபைலில் இருக்கிறது என்பார். அக்கா பதினோரு முறை எழுதிக் கொடுத்தார். பதினோரு முறையும் ஒரே பதில்தான் வந்தது. நடையில் ஆட்கள் மேல் இடிக்கும், கட்டட வரைபடத்தில் கதவு உள்பக்கம்தான் இருக்கிறது, வரைபடத்தை மீற முடியாது. வரைபடம் போட்ட புண்ணியவான் ஒரு நாளாவது அந்த பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அக்கா ஓய்வு பெறப் பத்து வாரம் இருந்தபோது, பெண்கள் வார்டில் ஒரு டீச்சரம்மா பாத்ரூமில் மயங்கி விழுந்தார். வார்டு ஆட்கள் வந்து தள்ளினார்கள். வேறு என்ன செய்வார்கள், கதவு திறக்காவிட்டால் மனிதன் தள்ளத்தான் செய்கிறான். டீச்சரம்மாவின் கை கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. உயிர் பிழைத்தார். கை இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்ததில் எலும்பு முறிவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். விழுந்ததில் இல்லை, தள்ளியதில். அது அந்த நடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

கழன்றுபோன தாழ்ப்பாளைச் சரி செய்ய அக்காவை அனுப்பினார்கள். திரும்பி வந்து கருவிப் பெட்டியை மேஜையில் போட்ட சத்தத்தில் நான் பிடித்திருந்த ஸ்க்ரூ டிரைவர் கை நழுவியது. மறுநாள் காலை வார்டுக்குப் போய், முதல் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, வேலைப் பதிவேட்டில் 'கீல் பழுது' என்று எழுதினார். அதற்கு மறுநாள் இரண்டாவது கதவு. அதற்கும் கீல் பழுது. பத்தொன்பது வேலை நாளில் பத்தொன்பது கீல் பழுதாகிப் பத்தொன்பது கதவு திரும்பியது. கேட்டால் கட்டடம் பழசு, அடுத்தடுத்துப் போகிறது என்பார் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. நர்ஸ்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

காட்டிக் கொடுத்தது பத்தொன்பதாவது கதவு. ஃபைல் அந்த நடையில் எதையோ படித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். உள்ளே இருந்த ஒரு பாட்டியம்மா கதவை வீசித் திறக்க, அது போய் அவர் நெற்றியில் சரியாக இறங்கியது. தச்சண்ணன் சொன்னது ஒருவகையில் சரிதான், வெளியே திறக்கிற கதவு மூஞ்சியில் அறையத்தான் செய்கிறது. சில மூஞ்சிகளுக்கு அது தேவையாகவும் இருக்கிறது. நெற்றியில் புடைப்போடு நின்று அவர் நடை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் அக்காவுக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் கட்டட அமைப்பை மாற்றியதற்கு விளக்கம் தர வேண்டும். ஐந்து நாளில் பத்தொன்பது கதவும் பழையபடி உள்பக்கம் திருப்பப்படும். அக்கா செய்ய மறுத்தால் வெளியாட்கள் செய்வார்கள்.

அக்கா மறுத்தார். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு வார்டு நடையிலேயே விசாரணை. ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் அம்மா நேரில் வந்தார். பெரிய டாக்டர், அதிகம் பேசாதவர். ஃபைல் வரைபடத்தோடு நின்றார். வெளியாட்கள் நாலு பேர் சுத்தி உளியோடு சுவரோரம் காத்திருந்தார்கள், உத்தரவு வந்தால் அந்த நிமிடமே ஆரம்பிக்க. நான் விளக்கு மாற்றுகிற சாக்கில் ஏணியோடு போய் நின்றேன். அக்காவின் ஓய்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அவருக்குத் தன்னைப் பற்றிப் பயம் இல்லை. இந்தக் கதவுகள் திரும்பவும் உள்ளே போய்விட்டால், தான் போன பிறகு இவற்றைத் தொட ஆளே இருக்காது என்பதுதான் பயம். முதல் நாள் அதை என்னிடம் சொல்லியிருந்தார்.

ஃபைல் முக்கால் மணி நேரம் பேசினார். நடையின் அகலம், ஸ்ட்ரெச்சர் போகிற வழி, தண்ணீர் சொட்டுவது, எல்லாம் சொல்லிவிட்டுத் தன் நெற்றியையும் காட்டினார். கடைசியில் அக்கா பக்கம் திரும்பி, "இத்தனை வருஷத்துல இந்தக் கதவால எத்தனை பேரும்மா செத்திருக்காங்க? ஒரு எண்ணிக்கை சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"ஒருத்தர்" என்றார் அக்கா.

ஃபைலுக்கு அது யார் என்று தெரியும். தெரிந்துகொண்டே, "அது குவார்ட்டர்ஸ். வார்டு கணக்குல வராது" என்றார்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், என் பெயருக்கு ஏற்றதுதான் ஆனது. ஏணியைச் சுவரில் சாத்தினேன். திருப்பாமல் மிச்சம் இருந்த ஐந்தில் முதல் கதவு, இருபதாவது கதவு, பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போய் மூடினேன். தாழ்ப்பாள் போடவில்லை. ஈரத் தரையில் படுத்தேன். காலை எதிர்ச் சுவரில் முட்டுக் கொடுத்து மடக்கினேன். தலையைக் கதவில் வைத்தேன். எப்படிப் படுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு ஓட்டை வழியாக உள்ளே இறங்கித் தச்சண்ணனைத் தூக்கியவன் நான்தான்.

"இப்ப திறங்க சார்" என்றேன்.

இது என்ன கூத்து என்று ஃபைல் வெளியே கத்தினார். இழுத்து வெளியே போடச் சொன்னார் வெளியாட்களிடம். அவர்கள் தள்ளினார்கள். கதவு என் காதில் இடித்தது. ஒருத்தனால் ஆகவில்லை என்றதும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். மரம் என் மண்டையில் மோதிய சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம் அது. அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாமல் இருந்தது. அன்றைக்கு நாங்கள் எத்தனை முறை தள்ளினோம் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

"இன்னும் வேகமா" என்று ஃபைலின் குரல் கேட்டது. அதற்கு மேல் அக்காவின் குரல் கேட்டது.

"தள்ளாதீங்க. அவன் தலை அங்க இருக்கு."

கத்தவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். இந்த முறை நிறுத்தினார்கள்.

என்னால் உடனே எழ முடியவில்லை. வலியால் இல்லை. ஐம்பதை எட்டப் போகிற ஆள், ஆஸ்பத்திரி பாத்ரூம் தரையில் முழங்கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே கண்காணிப்பாளர் அம்மா அக்காவிடம் கேட்டது தெளிவாகக் கேட்டது. "உள்ள இருக்கிறவருக்கு நினைவு இல்லைன்னா, வெளிய எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" அக்கா, நாற்பது நிமிடம் என்றார். பக்கத்துக் கதவு, நீங்கள் திருப்பியது, அது என்றால் எவ்வளவு நேரம் என்று அடுத்துக் கேட்டார். அக்கா பத்தொன்பதாவது கதவைத் திறந்து காட்டினார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி எல்லாம் நடக்கவில்லை. வெளியாட்களை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். உத்தரவு வர ஐந்து வாரம் ஆனது. பத்தொன்பது கதவும் அப்படியே இருக்கலாம், மிச்சம் ஐந்தையும் திருப்பலாம், இனி எங்கே கட்டினாலும் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம்தான். கீழே கையெழுத்து ஃபைலுடையது, தானே யோசித்த மாதிரி எழுதியிருந்தார். அக்காவின் மெமோ ரத்தாகவில்லை. முன் அனுமதி பெறாதது தவறு என்று அவருடைய பணிப் பதிவேட்டில் கடைசி வரியாக அது இன்றைக்கும் இருக்கிறது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றி எரிகிறது. அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டாகவே தெரியவில்லை.

உத்தரவு வந்த மறுநாள் காலை அவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மறுமுனையைப் பிடிக்க வா என்று என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எல்லாக் கதவையும் ஒற்றை ஆளாகத்தான் மாட்டியிருக்கிறார். இருபதாவது கதவின் முன்னால் உட்கார்ந்து, கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு உள்ள படுத்தியே. வெளிய பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"நான் தள்ளாதீங்கன்னு சொன்னது?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுதுக்கா."

அவர் கை நின்றது. இந்த ஒரு கேள்வியை அவர் இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தச்சண்ணன் நினைவோடு இருந்திருந்தால், கடைசியாக அவருக்குக் கேட்டது தன் குரல்தானா என்று. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப, நீ என்னை நகரச் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும்."

"ஆமாக்கா" என்றேன். மேலே ஏதேதோ சொல்ல வாய் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்தக் கோபத்துக்கு நான் இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்தேன். வந்தது, சரியான அளவில் வந்தது. அதைக் குறைக்கிற மாதிரி நான் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று நின்றேன்.

அக்கா கடைசித் திருகாணியைக் கழற்றினார். கதவு நிலையிலிருந்து விட்டு வந்து என் பக்கம் சாய்ந்தது.

"அந்த முனையைப் பிடி. நான் சொன்னாத்தான் விடணும்" என்றார்.

கதவு கனமாக இருந்தது, கை கடுத்தது. அவர் சொல்லும்வரை விடவில்லை.